உங்கள் இம்பிளான்டின் மேற்பரப்பு எது?

மார்பக இம்பிளான்ட் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் உள்ளே இருப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிலிகோன் ஜெல்லா, உப்பு நீரா? உடைந்தால் என்ன ஆகும்? கசிந்தால் உடம்பில் பரவுமா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த இம்பிளான்டுகளால் வருகிற ஒரு புற்றுநோய் இருக்கிறது. அதைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது வேறு. ஜெல்லைச் சுற்றியிருக்கும் ஓட்டின் வெளிப்பக்கம் வழுவழுப்பா, சொரசொரப்பா? இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பல பெண்களுக்குத் தெரியாது. என் அக்காவுக்கும் தெரியாது.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை முழுவதுமாக எடுத்தார்கள். கீமோ எல்லாம் முடிந்து, கொஞ்சம் தெம்பு வந்த பிறகு மறுசீரமைப்பு அறுவை. முதலில் தோலை விரிக்க ஒரு எக்ஸ்பாண்டர், அப்புறம் நிரந்தரமாக இம்பிளான்ட். அளவு கேட்டார்கள். வடிவம் கேட்டார்கள். உருண்டையை விடத் துளி வடிவம் இயல்பாகத் தெரியும் என்றார்கள், சரி என்றாள். துளி வடிவம் என்றால் மேற்பரப்பு சொரசொரப்பாகத்தான் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததாக அவள் நினைத்தாள். கூடவே மேற்பரப்பும் தேர்வாகிவிட்டது, அவளைக் கேட்காமலே.

அந்தச் சொரசொரப்பு எதற்கு என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அது யாரோ அலட்சியமாகச் செய்த வேலை இல்லை. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் முதல் சிலிகோன் மார்பக இம்பிளான்டைப் பொருத்தினார்கள். அன்று தொடங்கி இந்தத் துறையை விடாமல் துரத்திவந்த தொல்லை ஒன்று உண்டு. வெளியிலிருந்து எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடும். அது இயல்பு. சிலருக்கு அந்த உறை தடித்து, சுருங்கி, இம்பிளான்டை நெரிக்க ஆரம்பிக்கும். மார்பு கல்லாக இறுகிப்போகும், வடிவம் கோணும், வலிக்கும். மறுபடியும் அறுவை செய்யப் போகிறவர்களில் நிறையப் பேர் இதற்காகத்தான் போகிறார்கள்.

மேற்பரப்பைக் கரடுமுரடாக்கினால் நார்கள் ஒரே திசையில் வரிசைகட்டி இழுக்க முடியாது, உறை சுருங்குவது குறையும் என்று நினைத்தார்கள். 1970களிலேயே பாலியூரிதேன் நுரை ஒட்டிய இம்பிளான்டுகள் வந்தன. அந்த நுரை உடம்பில் சிதைந்து என்னவாகிறது என்ற கவலையில் 1991இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அவை போய்விட்டன. அதற்குள், 1980களின் பின்பாதியில், சிலிகோன் ஓட்டையே சொரசொரப்பாகச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். பயோசெல் என்ற ரகத்தில், முழுதாக உறையாத ஓட்டின் மேல் உப்புப் பரல்களைப் படியவைத்து, உறைந்த பிறகு உப்பைக் கழுவி எடுத்துவிடுவார்கள். உப்பு இருந்த இடமெல்லாம் குழி. சில்டெக்ஸ் என்ற இன்னொரு ரகத்தில், நுரையின் அச்சை ஓட்டில் அழுத்திப் பதிப்பார்கள். அதில் குழிகள் ஆழம் குறைவு.

நான் மாதிரி இம்பிளான்ட் ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவரின் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வழுவழுப்பான ரகம் விரலில் நிற்காமல் நழுவுகிறது, பளபளவென்று அடுத்த பக்கம் தெரிகிற மாதிரி இருக்கிறது. சொரசொரப்பானது மங்கலாக, பால்நிறம் பூசியதுபோல இருக்கிறது. கட்டைவிரலால் தேய்த்தால் நைஸான உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல விரல் தடுக்கிறது. அந்தப் பிடிப்புதான் இதன் இரண்டாவது பயன். ஆழமான சொரசொரப்பாக இருந்தால் திசு குழிகளுக்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளும். உருண்டையான இம்பிளான்ட் உள்ளே சுழன்றால் வெளியே தெரியாது. துளி வடிவம் சுழன்றால் கனமான பக்கம் மேலே போய்விடும். அதனால்தான் துளி வடிவத்துக்குச் சொரசொரப்பு கட்டாயம் என்றானது. புற்றுநோய்க்குப் பிறகு மறுசீரமைப்பு செய்துகொண்ட பெண்களுக்கு இந்த ரகம் நிறையப் போய்ச் சேர்ந்ததும் இதனால்தான்.

இனி நோய்க்கு வருகிறேன். 1997இல் ஒரு மருத்துவ இதழில், இம்பிளான்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வந்த அபூர்வமான லிம்போமா, அதாவது நோய் எதிர்ப்பு அணுக்களில் தொடங்கும் ஒரு புற்று, பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. ஒரே ஒரு நோயாளி. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ந்தன. 2011 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, இதில் தொடர்பு இருக்கலாம் என்று முதல்முறை அறிவித்தது. அப்போது உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் சுமார் 60 பேர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாகத் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. மார்பக இம்பிளான்ட் சார்ந்த அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமா என்பது பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக பிஐஏ-ஏஎல்சிஎல் என்பார்கள்.

இது மார்பகப் புற்றுநோய் கிடையாது. இந்த ஒரு விஷயம் புரியாததால்தான் பலருக்கு நோய் கண்டுபிடிப்பது தாமதமாகிறது. மார்பகப் புற்று பால் சுரப்பியிலோ பால் குழாயிலோ தொடங்கும். இது நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களில் தொடங்குகிறது. தொடங்கும் இடம் மார்பகத் திசுவும் இல்லை, இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டிய அந்த உறையும் அதற்குள் சேரும் நீரும்தான். மேமோகிராம் எடுத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தால், மார்பகத் திசுவில் ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அது பதில் சொல்லாது.

ஏன் சொரசொரப்புக்கும் இதற்கும் தொடர்பு? முழு விடை இன்னும் வரவில்லை, ஆனால் ஆராய்ச்சிகள் காட்டுகிற திசை தெளிவாகவே இருக்கிறது. குழிகள் நிறைந்த பரப்பு என்றால் மொத்தப் பரப்பளவு கூடுகிறது. பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு படலம் கட்ட இடம் கிடைக்கிறது. திசுவும் ஓடும் உரசி நுண்துகள்கள் உதிரலாம். இதில் எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்று: வருஷக்கணக்கில் அடங்காத ஓர் அழற்சி. டி செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஏதோ ஒரு கட்டத்தில், ஜேஏகே1, ஸ்டாட்3 போன்ற மரபணுக்களில் மாற்றம் விழுந்து, ஒரு செல் கட்டுப்பாட்டை இழந்து பெருகுகிறது. பிறவியிலேயே பிஆர்சிஏ, டிபி53 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்றும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அந்த மரபணு மாற்றத்தால் மார்பகப் புற்று வந்தோ, வருமுன் காக்கவோ மார்பை எடுத்து மறுசீரமைப்பு செய்துகொள்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். ஒரு புற்றிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாட்டில் இன்னொரு புற்றுக்கு வழி இருந்திருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

எத்தனை பேருக்கு வரும்? இங்கே ஆளுக்கொரு எண் சொல்வார்கள். சொல்கிறவர் யாரை எண்ணினார் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் நாடு தழுவிய நோய்ப் பதிவேட்டை வைத்து 2018இல் வந்த ஆய்வு, இம்பிளான்ட் உள்ள பெண்களில் 75 வயதுக்குள் இது வருவது சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு என்றது. அந்தக் கணக்கில் எல்லா ரக இம்பிளான்டுகளும் அடக்கம். 2020இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பயோசெல் வகைச் சொரசொரப்பு இம்பிளான்டால் மறுசீரமைப்பு செய்துகொண்ட 3,546 பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்ததில் 10 பேருக்கு இந்த லிம்போமா. அதாவது 355 பேரில் ஒருவர்.

இரண்டும் பொய் இல்லை. ஒன்று வழுவழுப்பு, சொரசொரப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தது. இன்னொன்று, ஆபத்து அதிகமான ஒரே ரகத்தை, விடாமல் பின்தொடர்ந்து எண்ணியது. 'மிக மிக அபூர்வம்' என்று மருத்துவமனையில் சொல்லும்போது முதல் வகை எண் அவர்கள் மனதில் இருக்கலாம். உங்கள் மார்பில் இருப்பது இரண்டாவது ரகமாக இருக்கலாம். அதனால்தான் 'எனக்கு எவ்வளவு ஆபத்து?' என்று கேட்பதற்கு முன்னால் 'எனக்கு வைத்தது எந்த மேற்பரப்பு?' என்று தெரிந்திருக்க வேண்டும்.

2018க்குப் பிறகு காரியங்கள் வேகமெடுத்தன. அந்த டிசம்பரில், பயோசெல்லைத் தயாரித்த அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பு ரகங்களுக்கு ஐரோப்பியச் சான்று புதுப்பிக்கப்படவில்லை, அங்கே விற்பனை நின்றது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் ஆழமான சொரசொரப்பு ரகங்களையும் பாலியூரிதேன் பூசியவற்றையும் தடை செய்தது. மே மாதம் கனடா பயோசெல்லின் உரிமங்களை நிறுத்திவைத்தது. 2019 ஜூலை 24 அன்று எஃப்டிஏ கேட்டுக்கொண்டபடி, பயோசெல் இம்பிளான்டுகளையும் அதே மேற்பரப்பு கொண்ட எக்ஸ்பாண்டர்களையும் அலர்கன் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அன்றைக்கு எஃப்டிஏ கையில் இருந்த கணக்கு: 573 நோயாளிகள், 33 மரணங்கள். அந்த 573இல் 481 பேருக்கு இருந்தது அலர்கன் இம்பிளான்ட். அமெரிக்கச் சந்தையில் இருந்த மற்ற நிறுவனங்களின் சொரசொரப்பு ரகங்களோடு ஒப்பிட்டால் பயோசெல்லில் ஆபத்து சுமார் ஆறு மடங்கு என்றது எஃப்டிஏ. அமெரிக்காவில் விற்ற மார்பக இம்பிளான்டுகளில் பயோசெல் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்து யோசித்தால் இதன் கனம் புரியும். 2023 ஜூன் வரை எஃப்டிஏவுக்கு வந்து சேர்ந்தவை 1,264 நோயாளிகள், 63 மரணங்கள்.

முதல் குறிப்பு 1997. திரும்பப் பெற்றது 2019. இடையில் 22 ஆண்டுகள். அபூர்வமான நோய், வெளிப்படப் பத்தாண்டு எடுத்துக்கொள்ளும் நோய், அதனால் தாமதம் என்று சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் முழு உண்மை அது இல்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக, இம்பிளான்ட் தயாரிப்பாளர்கள் பாதிப்புப் புகார்களைத் தனித்தனியாகப் பதியாமல் மொத்தமாகச் சுருக்கி அனுப்பலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அந்தச் சுருக்கங்கள் பொதுமக்கள் பார்க்கிற தரவுத்தளத்தில் வரவில்லை. 2019இல்தான் அதை நிறுத்தி, பழைய புகார்களையும் வெளியிட்டார்கள். தன் மார்பில் இருக்கும் பொருளைப் பற்றித் தேடிப் பார்த்த ஒரு பெண்ணுக்குப் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். ஒரு மருத்துவருக்கும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பப் பெற்றார்கள் என்றால் என்ன என்பதிலும் குழப்பம் இருக்கிறது. கடையிலும் மருத்துவமனை அலமாரியிலும் இருந்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மார்புக்குள் இருந்தவை மார்புக்குள்ளேயே இருக்கின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இம்பிளான்டை எடுக்க வேண்டியதில்லை என்று அப்போதே எஃப்டிஏ சொன்னது. பெரும்பாலோருக்கு இந்த நோய் வராது, மயக்க மருந்துக்கும் அறுவைக்கும் தனி ஆபத்துகள் உண்டு என்பதால் அந்த அறிவுரையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம், 'அறிகுறி வந்தால் உடனே கவனியுங்கள்' என்பது. தன்னிடம் இருப்பது அந்த ரகம்தான் என்றே தெரியாத ஒருத்தி எதைக் கவனிப்பாள்?

அக்காவுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை, எந்தத் தொலைபேசியும் வரவில்லை. செய்தியை நான் படித்து, அவளிடம் கேட்டேன். "துளி மாதிரி இருக்கும்னாங்க, அவ்வளவுதான் தெரியும்" என்றாள். இம்பிளான்டின் பெட்டிக்குள் ஸ்டிக்கர்கள் இருக்கும். நிறுவனம், மாடல் எண், லாட் எண், வரிசை எண், கன அளவு எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை அறுவைக் குறிப்பில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளி அட்டையில் ஒட்டித் தருவார்கள். அக்காவிடம் அட்டை இல்லை. கொடுத்தார்களா, கீமோ களைப்பில் எங்காவது போய்விட்டதா என்பதும் அவளுக்கு நினைவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'மறுசீரமைப்பு செய்யப்பட்டது, இம்பிளான்ட் வைக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் கேட்டால் டிஸ்சார்ஜ் தாளின் நகலையே மறுபடி தந்தார்கள். அறுவை அரங்கக் குறிப்பு என்று குறிப்பாகக் கேட்க வேண்டும் என்று அங்கே இருந்த ஒரு நர்ஸ் அம்மாதான் சொன்னார். எழுத்தில் விண்ணப்பித்து, அலைந்து, கடைசியில் ஒரு மங்கிய நகல் கிடைத்தது. ஓரத்தில் ஸ்டிக்கர். மாடல் எண்ணை வைத்துப் பார்த்தால் சொரசொரப்பு.

இதைப் படிக்கிற யாருக்காவது இம்பிளான்ட் இருந்தால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அட்டையைத் தேடுங்கள். இல்லையென்றால் அறுவை அரங்கக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். அறுவை செய்த மருத்துவர் ஓய்வு பெற்றிருந்தாலும், மருத்துவமனை கை மாறியிருந்தாலும், பதிவேடு எங்கே போனது என்று கேளுங்கள். கிடைத்ததும் அந்த ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். உடம்பு சரியாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. வீக்கம் வந்த பிறகு அலைய முடியாது.

அக்காவுக்கு வீக்கம் வந்தது. அறுவை முடிந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒரு வார இடைவெளியில் அந்தப் பக்கம் மட்டும் பெரிதாகிவிட்டது. ஜுரம் இல்லை, சிவப்பு இல்லை, கனமாக இருக்கிறது என்றாள். முதலில் பார்த்த டாக்டர், "எங்கயாவது இடிச்சிருப்பீங்கம்மா, இல்லன்னா இன்ஃபெக்ஷனா இருக்கும்" என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த நோயைத் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத மருத்துவர்கள்தான் அதிகம். ஆனால் இம்பிளான்ட் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்து, காரணமே தெரியாமல் ஒரு பக்கம் நீர் கட்டினால், அது வேறு என்று நிரூபணமாகும் வரை இந்த லிம்போமாவை நினைத்துத்தான் ஆக வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சராசரியாக இம்பிளான்ட் வைத்து எட்டிலிருந்து பத்து வருஷத்தில், திடீரென்று நீர் கோத்துக்கொண்டு ஒரு பக்கம் வீங்கும். சிலருக்கு உறையில் கட்டியாக, சிலருக்கு அக்குளில் நெறியாக, சிலருக்கு மார்புத் தோலில் தடிப்பாக வரலாம்.

அடுத்து அவளுடைய புற்றுநோய் மருத்துவரிடம் போனோம். அல்ட்ராசவுண்டில் இம்பிளான்டைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அதுதான் நீர். ஊசி ஓட்டில் பட்டுவிடாமல் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே குத்தி நீரை எடுத்தார்கள். வெளிர் மஞ்சள், கொஞ்சம் கலங்கல். பெரிய சிரிஞ்சில் நிதானமாக இழுத்தார்கள். நீரில் செல்கள் போதுமான அளவு இருந்தால்தான் பரிசோதனை நம்பகமாக இருக்கும், 50 மில்லியாவது அனுப்புவது நல்லது என்பது நிபுணர்களின் பரிந்துரை.

அப்போது அக்கா செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் சீட்டை வாங்கிப் பார்த்தாள். 'மார்பகப் புற்று மீண்டும் வந்துள்ளதா?' என்று மட்டும் எழுதியிருந்தது. "டாக்டர், இதுல சொரசொரப்பு இம்பிளான்ட்னு எழுதி, சிடி30 பாக்கச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு, சரிதான் என்று சொல்லி அங்கேயே எழுதிச் சேர்த்தார், இம்பிளான்டின் மாடலையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் எதைத் தேடுவது என்பதை அந்தச் சீட்டுதான் சொல்கிறது. பால் குழாய்ப் புற்றின் செல்களைத் தேடினால் அது இல்லை என்று பதில் வரும், அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். லிம்போமா செல்கள் பெரிதாக, கோணல்மாணலான உட்கருவோடு இருக்கும். அவற்றின் மேல் சிடி30 என்ற புரதம் பரவலாக இருக்கும், ஏஎல்கே என்ற புரதம் இருக்காது. இதற்குத் தனியாகச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும், செல்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையும் செய்வார்கள். கேட்டால்தான் செய்வார்கள். எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பாமல் கொட்டிவிடுவது, அல்லது கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடுவது, இரண்டும் நடக்கவே கூடாத தவறுகள்.

அக்காவுக்கு சிடி30 நெகட்டிவ். அது வந்த அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

பாசிட்டிவ் என்று வந்திருந்தாலும் கைவிட வேண்டிய நோய் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், பயத்தில் உறைந்து டாக்டரிடம் போகாமல் இருப்பவர்களுக்காக. நோய் நீரிலும் உறையிலும் மட்டும் இருக்கும் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால், இம்பிளான்டோடு உறை முழுவதையும் மிச்சமில்லாமல் எடுப்பதுதான் சிகிச்சை. பெரும்பாலோர் அதோடு குணமாகிவிடுகிறார்கள், கீமோ கூடத் தேவைப்படுவதில்லை. பிஇடி ஸ்கேன் எடுத்து எங்கும் பரவவில்லை என்று உறுதி செய்துகொண்டு அறுவைக்குப் போவார்கள். உறையில் கொஞ்சம் விட்டுவைத்தால் நோய் திரும்ப வாய்ப்பு உண்டு. பரவிவிட்டால் கீமோ, அல்லது சிடி30ஐக் குறிவைத்துத் தாக்கும் பிரென்டுக்ஸிமாப் வெடோட்டின் என்ற மருந்து. இறந்துபோனவர்களில் பலருக்கு நோய் தாமதமாகவோ அரைகுறையாகவோ கையாளப்பட்டிருந்தது. ஆக, நேரம்தான் இங்கே எல்லாம்.

லிம்போமா மட்டும்தானா என்றால், இல்லை. 2022 செப்டம்பரில் எஃப்டிஏ இன்னொன்றையும் அறிவித்தது: இம்பிளான்டைச் சுற்றிய உறையில் ஸ்குவாமஸ் செல் புற்றும் வேறு வகை லிம்போமாக்களும் சிலருக்கு வந்திருக்கின்றன. மிகச் சில பேர்தான், ஆனால் வழுவழுப்பு ரகம் வைத்தவர்களிலும் வந்திருக்கிறது. அதனால் வழுவழுப்பு என்றால் கவலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வீக்கம் வந்தால் எந்த ரகமாக இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். இது தவிர, இம்பிளான்ட் வைத்த பிறகு தீராத களைப்பு, மூட்டு வலி, ஞாபக மறதி, தோல் தடிப்பு என்று பல பெண்கள் சொல்கிறார்கள். இதற்கென்று ஒரு பரிசோதனை கிடையாது, காரணமும் பிடிபடவில்லை. எடுத்த பிறகு சிலருக்குக் குறைந்திருக்கிறது. எல்லாம் மனப்பிரமை என்று அவர்களை அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது.

2021 அக்டோபரில் எஃப்டிஏ மார்பக இம்பிளான்டுகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இம்பிளான்டுகள் ஆயுளுக்கும் நிற்கும் பொருள்கள் அல்ல, நாளாக ஆகச் சிக்கல்கள் கூடும், லிம்போமா சொரசொரப்பு ரகங்களில் அதிகம் என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. அறுவைக்கு முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை மருத்துவர் நோயாளியோடு உட்கார்ந்து படித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அக்காவின் அறுவைக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, மயக்க மருந்து என்று வழக்கமான மூன்றும் இருந்தன.

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "இதெல்லாம் எதுக்கு வெச்சுக்கணும்?" அக்காவிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். புற்றுநோயில் ஒரு மார்பை இழந்த பெண், கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது எப்படி இருக்க விரும்புகிறாள் என்பது அவள் விஷயம். அழகுக்காக வைத்துக்கொண்டவளுக்கும் இதே பதில்தான். மூட்டு மாற்றிக்கொண்டவரிடம் அந்த மூட்டில் கோளாறு வந்தால் 'நீ ஏன் நடக்க ஆசைப்பட்டாய்' என்று யாரும் கேட்பதில்லை. பொருளில் கோளாறு என்றால் பொருளைச் செய்தவரையும் அனுமதித்தவரையும்தான் கேட்க வேண்டும். இந்த ஏளனத்துக்குப் பயந்தே பல பெண்கள் தங்களுக்கு இம்பிளான்ட் இருப்பதைப் புதிதாகப் பார்க்கும் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. வீக்கத்தை மறைக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து.

நெகட்டிவ் வந்த பிறகும் அக்கா இம்பிளான்டை எடுத்துவிட முடிவு செய்தாள். நீர் மறுபடி மறுபடி சேர்ந்தது, ஒவ்வொரு முறையும் ஊசி, ஒவ்வொரு முறையும் முடிவுக்காகக் காத்திருப்பு. "இனிமே என்னால முடியாது" என்றாள். உறையோடு சேர்த்து எடுத்தார்கள். புதிதாக எதையும் வைக்க வேண்டாம், தட்டையாகவே தைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். வழுவழுப்பு ரகம் வைக்கலாம், வயிற்றுத் தசையை எடுத்துச் செய்யலாம் என்று மருத்துவர் எல்லா வழிகளையும் சொன்னார், வற்புறுத்தவில்லை. எடுத்த உறையை முழுவதுமாக நோய்க்குறியியலுக்கு அனுப்பும்படி அவள் கேட்டுக்கொண்டாள், அறிக்கையிலும் புற்று இல்லை என்று வந்தது.

எடுத்துவிட்டதால் பழைய ஸ்டிக்கர் நகலைத் தூக்கிப் போடலாமா என்று அவள் கேட்டபோது அவள் மருத்துவரே வேண்டாம் என்றார். சொரசொரப்பை எடுத்து வழுவழுப்பு வைத்துக்கொண்டவர்களுக்கும் பின்னாளில் இந்த லிம்போமா கண்டறியப்பட்டிருக்கிறது. வழுவழுப்பு இம்பிளான்ட் உள்ளவர் என்று பதிவான சில நோயாளிகளின் பழைய கதையைத் தோண்டினால், முன்பு ஒரு காலத்தில் சொரசொரப்பு இருந்திருக்கிறது. அதனால் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, முன்பு என்னென்ன இருந்தன என்பதையும் புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்ல வேண்டும். எக்ஸ்பாண்டர் சில மாதங்கள்தான் இருந்தது என்றாலும் அதன் மேற்பரப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். அக்காவின் ஃபைலில் இப்போது மூன்று தாள்கள் மேலாக இருக்கின்றன: பழைய ஸ்டிக்கர், சிடி30 முடிவு, உறையின் நோய்க்குறியியல் அறிக்கை. அடுத்த செக்கப்புக்கு அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவோம்.